பாடியவரும் கேட்டவரும்

ராக் என்னும் இசைவகையைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அப்பெயரைக் கேட்டதும் உரத்த முழக்கமும் மின்கித்தாரும் நீள்முடி இளைஞரும் நினைவுக்கு வருவரேயன்றி, வரலாறு நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் அவ்விசைக்குழுக்கள் உலகுக்கு விட்டுச்சென்ற வழக்கம் ஒன்று உண்டு. மேடையில் பாடுவதோடு நில்லாமல், ஊர் ஊராகச் செல்லும் பயணத்தையும், ஒத்திகையையும், களைப்பையும், காத்திருக்கும் கூட்டத்தையும் படம்பிடித்துத் திரையரங்குகளில் வெளியிடும் வழக்கம் அது. அவ்வழக்கத்தின் வரலாற்றை நம் மலாக்கா மாநிலத் தோட்டத்து மேடைகளின் வரலாற்றோடு ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ளவை போலத் தோன்றும். அத்துணைத் தொலைவு இல்லை என்பது என் கருத்து.

இவ்வழக்கம் பிறந்தமைக்குக் கலையுணர்வு மட்டும் காரணமன்று, கருவியும் காரணம். முன்னாளில் ஒலியோடு சேர்த்துப் படம்பிடிக்கும் கருவி பெரும் பாரமாய் இருந்தது. அதனைப் படப்பிடிப்பு நிலையத்தில் நிறுத்தி, நடிகரை அதன்முன் கொணர வேண்டியிருந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோளில் சுமக்கத்தக்க பதினாறு மில்லிமீட்டர் படக்கருவியும், அதனோடு ஒத்தியங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் வந்து சேர்ந்தன. அதன்பின் கருவி மனிதரைத் தேடிச் செல்லலாயிற்று. 1965இல் பாப் டிலான் இங்கிலாந்தில் இசைப்பயணம் மேற்கொண்டபோது, பென்னிபேக்கர் என்னும் அமெரிக்கர் அக்கருவியைத் தோளில் ஏந்தி அவருடனேயே சென்றார். 'டோண்ட் லுக் பேக்' என்னும் அப்படம் 1967இல் வெளியாயிற்று. விடுதி அறை, மகிழுந்து, செய்தியாளரோடு வாக்குவாதம், மேடைக்குச் செல்லும் இருண்ட நடைவழி ஆகியவை பாடல்களுக்கு நிகரான இடத்தைப் படத்தில் பெற்றன. டிலான் 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பதைத் தமிழாசிரியர் மறந்திருக்க மாட்டார்கள். அப்பரிசு பெற்ற மனிதர் இளமையில் எவ்வாறு பேசினார், எவ்வாறு சினந்தார் என்பதை அறிய விரும்புவோர்க்கு அப்படம் இன்று ஓர் ஆவணம்.

அதற்கடுத்து வந்த 'உட்ஸ்டாக்' இன்னும் பெரிய செய்தி. 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்னும் சிற்றூரில், பால்பண்ணை ஒன்றின் புல்வெளியில் அவ்விழா தொடங்கியது. மூன்று நாள் விழா நான்காம் நாள் காலையில்தான் முடிந்தது. நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். வேலி வீழ்ந்தது, நுழைவுச்சீட்டு பொருளற்றுப் போயிற்று, மழை பெய்து நிலம் சேறாயிற்று. நடத்தியவர்களுக்குப் பெருநட்டம். பின்னாளில் அவர்களைக் கடனிலிருந்து மீட்டவை பெரும்பாலும் படமும் இசைத்தட்டுமே. மைக்கேல் வாட்லி இயக்கிய அப்படம் 1970இல் வெளிவந்து, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

அம்மூன்று மணி நேரத்தில் என் மனத்தில் தங்கியது எந்தக் கித்தார் கலைஞனின் வாசிப்பும் அன்று. தற்காலிகக் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவர் ஓரிடத்தில் வருகிறார். முகம் சுளியாமல் தம் வேலையைச் செய்துகொண்டே, தம் மகன் ஒருவன் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான் என்றும், மற்றொருவன் வியட்நாமில் இருக்கிறான் என்றும் சொல்கிறார். அவ்வளவுதான். ஒரு தலைமுறையின் அமெரிக்க வரலாறு அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. அவ்வாறே, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் வருகின்றன: இன்னார் இன்னவரைத் தேடுகிறார், இன்னார் இன்ன இடத்துக்கு வரவும். பிற்காலத்து ஆய்வாளன் இசையை வேறு இசைத்தட்டுகளிலும் கேட்டுக்கொள்ளலாம். அந்த அறிவிப்புகளின் மதிப்பு வேறு. இவ்வகைப் படங்களில் உண்மையில் காப்பாற்றப்படுவது பாடியவர் குரலைவிடக் கேட்டவர் வாழ்வே என்று நான் கருதத் தொடங்கியது இப்படத்தைப் பார்த்த பின்னரே.

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் என்னுமிடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடிக்கொண்டிருக்கையில், மேடையருகே இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். இசைப்பயணத்தைப் பதிவு செய்யச் சென்றிருந்த மேசில்ஸ் சகோதரர்களின் படச்சுருளில் அக்கொலையும் பதிந்துவிட்டது. அச்சுருள் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டப்பட்டது. 'கிம்மி ஷெல்டர்' என்ற பெயரில் 1970இல் வெளியான படத்தில், பாடகர்கள் தொகுப்பு மேசையின் முன்னமர்ந்து அக்காட்சியைத் தாமே பார்க்கும் பகுதி உண்டு. பார்க்க இனிய படமன்று. ஆனால் விளம்பரத்துக்கென்று எடுக்கத் தொடங்கிய படமும் உண்மையைத் தன்னுள் கொண்டுவிடும் என்பதற்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம்மவர் இடம்பெற்ற படம் ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். வங்காளதேச அகதிகளின் துயர்துடைக்க 1971 ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் இசைநிகழ்ச்சி நடத்தினர். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் முதலில் மேடையேறினர். அவர்கள் சுருதி கூட்டி முடித்ததுமே அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. அதுவே பாட்டு என்று எண்ணிவிட்டனர் போலும்! சுருதி சேர்ப்பதையே இவ்வளவு விரும்பினால் வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என்னும் பொருள்படச் சிரித்த முகத்தோடு ரவிசங்கர் மறுமொழி தந்தார். 1972இல் வெளியான படத்தில் இன்றும் அதனைக் காணலாம். இரண்டு நாகரிகங்கள் ஒரே அரங்கில் அமர்ந்தபோது நேர்ந்த தடுமாற்றம் அது. கேட்டவர்களைப் பதிவு செய்யாதிருந்தால் அத்தடுமாற்றம் நமக்குத் தெரிந்திராது.

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. 'தி பேண்ட்' என்னும் குழு பதினாறு ஆண்டுகள் ஊர்சுற்றிக் களைத்து, 1976 நவம்பர் 25ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் தன் பிரியாவிடை நிகழ்ச்சியை நடத்தியது. மார்ட்டின் ஸ்கார்சிசி அதனைப் படமாக்கி 1978இல் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என வெளியிட்டார். ஒளியமைப்பும் படப்பிடிப்பும் மிகச் சிறந்தவை. இவ்வகையில் இதுவே தலையாய படம் என்பாரும் உளர். நான் அங்ஙனம் சொல்லத் தயங்குவேன். அதில் கேட்டவர்கள் அரிதாகவே தென்படுகின்றனர். யாருக்காகப் பாடினார்கள் என்பது இருளிலேயே நின்றுவிடுகிறது. அக்குழுவின் ஐவரில் கடைசியாக எஞ்சியிருந்த கார்த் ஹட்சனும் 2025 ஜனவரியில் மறைந்தார். பாடியவர் ஐவரும் படத்தில் இருக்கின்றனர். கேட்ட ஆயிரக்கணக்கானோர் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஏ. ஆர். ரகுமான் திரையிசைக்கு வருமுன் சென்னையில் ராக் இசை வாசித்த இளைஞர் என்பதைப் பலர் அறியார். சிவமணி, ஜான் அந்தோனி முதலானோருடன் 'ரூட்ஸ்' என்னும் குழுவில் விசைப்பலகை வாசித்தார். 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவையும் அமைத்தார். 1992இல் 'ரோஜா' வெளியானபின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. அவருடைய வட அமெரிக்க இசைப்பயணத்தை, பதினான்கு நகரங்களில் நடந்த நிகழ்ச்சிகளை, ஒத்திகையோடும் குழுவினர் உரையாடலோடும் தொகுத்து 'ஒன் ஹார்ட்' என்னும் படம் 2017இல் திரையரங்குகளுக்கு வந்தது. இதற்கு முன்னர், 2010இல், தில்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவைப் பற்றிய 'லீவிங் ஹோம்' என்னும் படம் இந்தியத் திரையரங்குகளில் வெளியாகியிருந்தது. அக்குழுவின் பாடகரும் தாளக் கலைஞருமான அசீம் சக்கரவர்த்தி, படம் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2009 டிசம்பரில் காலமானார். படம் எடுக்கச் சற்றுக் காலந்தாழ்த்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் நாடு. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரின் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் பாடிச் சென்றபின், சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் மூலைக்கு மூலை கித்தார்க் குழுக்கள் முளைத்தன. மலாய்மொழியில் 'பாப் யே யே' எனப்பட்ட இசை அலை அதன் விளைவே. 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய 'எலிகேட்ஸ்' குழுவும் அக்காலத்தின் பிள்ளைதான். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் முன்னின்று பாடிய அக்குழு, ஹாங்காங்கில் சில காலம் வாசித்துத் திரும்பி, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது அவருக்காக வருந்தியவர்கள் எல்லா இனத்தவரும் ஆவர். தமிழர் இருவர் மலாய்மொழியில் பாடித் தேசிய அளவில் உயர்ந்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். தமிழிலேயே பாடித் தோட்டத்து எல்லையைத் தாண்டாமல் நின்ற குழுக்களை யார் சொல்வது?

அக்குழுக்கள் இல்லாத வட்டாரம் மலாக்காவில் இருந்ததில்லை. ஜாசின், மெர்லிமாவ், சிலாண்டார், பத்தாங் மலாக்கா, அலோர் காஜா, புலாவ் சிபாங் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரக் காட்டுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. கோயில் இருந்த இடத்தில் திருவிழா இருந்தது. திருவிழா இருந்த இடத்தில் மேடை இருந்தது. முன்னே நாடகமும் கூத்தும் நடந்த அந்த மேடையில், 1960களுக்குப்பின் இன்னிசைக் குழுக்கள் ஏறின. ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்தில் பொங்கோவும் கித்தாரும் வந்தன. பகலில் பால்வெட்டும் இளைஞரும் பட்டணத்துக் கடைச் சிப்பந்திகளும் இரவில் பாடகர்கள். வாத்தியங்களோடு லாரியின் பின்புறம் ஏறி, செம்மண் சாலையில் குலுங்கியபடி தோட்டம் தோட்டமாகச் செல்வார்கள். மேனாட்டார் இசைப்பயணம் என்பது இதனைத்தான்; எங்களூரில் அதற்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. 'கச்சேரிக்குப் போறாங்க' என்பார்கள்.

நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தீமிதி முடிந்த இரவில், லயத்து வீடுகளிலிருந்து பாயும் தலையணையுமாக மக்கள் திடலுக்கு வருவார்கள். கிராணிமாருக்கு முன்வரிசையில் நாற்காலி, மற்றவர்க்குத் தரை. பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம். ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் பாட்டுக்கும் போட்டியாக இருக்கும். பாடியவை பெரும்பாலும் சென்னைத் திரைப்பாடல்களே. சௌந்தரராஜன் குரலுக்கு ஒருவர், சுசீலா குரலுக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருப்பார்கள். பெண்குரலில் பாடும் ஆண்கள் சிலர் அன்று பெரும்புகழ் பெற்றிருந்தனர். இலங்கையிலிருந்து ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்கள் வந்தபின், கிழவர்கள் முணுமுணுக்க, இளைஞர் எழுந்து ஆடினர். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டுமே என்ற கவலையோடு தாய்மார் எழுந்து போவதும், பிடித்த பாட்டின் முதலடி கேட்டதும் பாதி வழியில் நின்றுவிடுவதும் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கின்றன.

திரைப்படம் எங்களுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மலாயாத் திரைப்படப் பிரிவு 1946லேயே தொடங்கப்பட்டது. அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோறும் வந்து, திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டின. திரை எங்கள் பக்கம் வந்துகொண்டேதான் இருந்தது. படக்கருவி எங்கள் பக்கம் திரும்பியது அரிது.

பாடியவர்களின் பாட்டு அழிந்துவிட்டது என்று நான் வருந்தவில்லை. அவர்கள் பாடிய திரைப்பாடல்கள் சென்னை இசைத்தட்டுகளில் பத்திரமாக உள்ளன. அழிந்தது கேட்டவர்களின் கூட்டம். டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டபோது இந்நாட்டு வாணிப இரப்பர்த் தோட்டத்தின் வரலாறு நம் மாநிலத்திலேயே தொடங்கியது. அதன்மேல் எழுந்த சமுதாயம் எழுபது எண்பது ஆண்டுகளில் கலையத் தொடங்கிற்று. 1950களிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் துண்டாடலுக்கு விடையாக எழுந்ததே. 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் பலர் கப்பலேறினர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. எஞ்சியோர் மலாக்கா நகரின் ஓரங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் சிங்கப்பூருக்கும் சிதறினர். இன்று 'ளாடாங்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர். ஒரே திடலில் அமர்ந்து ஒரே பாட்டைக் கேட்ட மக்கள், மாசிமகத்தன்று செங் சன்னாசிமலையில் தற்செயலாகச் சந்தித்தால், 'எந்தத் தோட்டம்?' என்றே முதலில் கேட்டுக்கொள்கிறார்கள். தோட்டம் இல்லாது போனபின்னும் முகவரி அதுவாகவே இருக்கிறது.

இதே மலாக்காவில் மற்றோர் இசையின் கதை வேறுவிதமாக நடந்தது. தொண்டாங் சாயாங் என்னும் பாட்டுமுறையில் இருவர் எதிரெதிர் நின்று, வயலினும் ரெபானாவும் இசைக்க, பந்துன் கவிதையால் ஒருவரையொருவர் மடக்குவர். மலாய்க்காரர், பாபா நியோஞா, போர்த்துக்கீசிய வழியினர், மலாக்காச் செட்டிகள் ஆகிய நால்வகையினரும் பேணும் கலை அது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலைக் காத்துவரும் மலாக்காச் செட்டிகள், தமிழ்ப் பேச்சை என்றோ இழந்து மலாயில் பாடுபவர்கள். 2018இல் யுனெஸ்கோ தொண்டாங் சாயாங்கை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அத்தகைய பட்டியலுக்கு ஆவணம் வேண்டும், பாடுவோரும் கேட்போரும் அடங்கிய சமுதாயத்தின் ஒப்புதல் வேண்டும், படப்பதிவும் வேண்டும். மொழியை இழந்தவர்களின் பாட்டு உலக ஏட்டில் ஏறியிருக்கிறது. மொழியை விடாது காத்த தோட்டத்தாரின் மேடை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பொறாமையால் இதனைச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கும் வகையில் சொல்கிறேன். அக்கணக்கில் என் பங்கும் உண்டு.

என் தாய்மாமன் 1979ஆம் ஆண்டுத் திருவிழாக் கச்சேரியை ஒலிநாடாவில் பதிவு செய்தார். மேடைக்கு அருகே இடங்கிடைக்காமல், கூட்டத்தின் நடுவே ஒரு மரத்தடியில் பதிவுக்கருவியை வைத்துவிட்டார். விளைவு, பாட்டு எங்கோ தொலைவில் கேட்டது; குழந்தை அழுகையும் கச்சான் விற்பவன் கூவலும் யாரோ யாரையோ அதட்டுவதும் பக்கத்தில் கேட்டன. பதின்ம வயதில் எனக்கு அது குப்பையாகத் தோன்றியது. புதிய நாடா வாங்கக் காசில்லாத ஒரு நாளில், அதன் ஒரு பக்கத்தின்மேல் வானொலியிலிருந்து படப்பாடல்களைப் பதிந்துகொண்டேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, வரலாறு கற்பிக்கத் தொடங்கி, பல்லாண்டு கழித்தே நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எஞ்சிய பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதே தோட்டத்தில் வாழ்ந்து இப்போது மலாக்கா நகருக்கு அருகே மலிவுவிலை வீட்டில் மகனோடு இருக்கும் ஒரு மூதாட்டியிடம் சென்றேன். பழைய கருவியில் நாடா ஓடத் தொடங்கியது. பாட்டு நடந்துகொண்டிருக்கையில் அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, இன்னார் உடனே மேடைக்குப் பின்புறம் வரவும். மூதாட்டியின் கை நின்றது.

"அவுங்கதான் தம்பி. எங்க வீட்டுக்காரர்தான். மொத வரிசையில குந்தியிருந்தாங்க. எந்திரிச்சு ஓடுனாங்க," என்றார்.

அவர் கணவர் இறந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நாடாவில் அவர் குரல் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. பிறகு கூட்டத்தின் சிரிப்பொலி கேட்டது. எவரோ சீழ்க்கை அடித்தார்கள். சற்று நேரத்தில் விளக்கு வந்திருக்க வேண்டும், மக்கள் 'ஓ'வென்று கூவினார்கள். மூதாட்டி ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். சில பெயர்களை நான் குறித்துக்கொண்டேன். சிலவற்றை எழுதுமுன் அடுத்தது வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் நாடா முடிந்தது.

"அந்தப் பக்கத்தையும் போடுங்க தம்பி. முன்னால தீமிதிச்சப்போ பேசுனது எல்லாம் இருக்கும்ல," என்றார்.

நான் நாடாவைத் திருப்பிப் போட்டேன். வானொலிப் பாடல் தெளிவாக, இரைச்சல் ஏதுமின்றிக் கேட்டது.